இரண்டு வாங்குகளுக்கு நடுவே இருபத்தாறு அடி

1

கிட்ட வாருங்கள். கதிரையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் குரலை உயர்த்திச் சொல்ல வராது, எழுத்திலும் அப்படித்தான். ஒரு கதை வைத்திருக்கிறேன். அதில் ஒரு கல்யாணம் பாதியில் நிற்கிறது. நடந்ததா இல்லையா என்று கடைசிவரை கேட்பீர்கள். கேளுங்கள்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானாக யோசித்தது இல்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போன இடத்தில் கிடைத்தது. கண்டி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், மாடிப்படி ஏறினால் யுகேஷின் ஸ்டூடியோ. கம்பளை ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணப் படங்கள்தான் தொழில். அவருடைய மேசையில் வெள்ளையாக, உயரமாக ஒன்று நின்றது. பக்கத்தில் கோப்பை ஒன்று.

"தம்பி, அந்த ப்ளாஸ்க்குல டீ இருந்தா ஒரு வாய் குடுங்க. படி ஏறினதுல மூச்சு வாங்குது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது லென்ஸும்மா," என்றார். "அதுல டீ இருந்திருந்தா நான் எவ்வளவோ நிம்மதியா இருந்திருப்பேன்."

ஒரு மனிதரின் நிம்மதியைக் கெடுத்த பொருள் கண்முன்னால் நிற்கும்போது எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. படம் பிடித்து முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

2

முதல் வரியை நான்கு தடவை எழுதினேன். அடித்ததையும் விட்டுவைக்கிறேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

மதனிக்கு இருபத்தொன்பது வயது, இன்னும் —

(நிறுத்திவிட்டேன். "இன்னும்" என்று எழுதிய உடனே ஊரில் உள்ள பெரியம்மாக்கள் எல்லோரும் வந்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்கள்.)

கண்டி வாவியின் மேல் காலைப் பனி —

(வாவியைப் பற்றி எழுதினவர்கள் போதும்.)

பொய்யே சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது —

(இது கட்டுரை. அதோடு உண்மையும் இல்லை.)

லென்ஸ் ஒன்றரைக் கிலோ எடை.

நான்காவது நிற்கிறது. எடையை யாரும் மறுக்க முடியாது.

3

லென்ஸ் ஒன்றரைக் கிலோ எடை. பெட்டியோடு வந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு யுகேஷ் எனக்கு அதன் குணங்களைச் சொன்னார், தரகர் பெண்வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல். குறை ஒன்றும் கிடையாது.

வெள்ளை நிறம், வெயிலில் உள்ளே இருக்கிற கண்ணாடிகள் சூடேறாமலிருக்க. பின்பக்கத்தில் ரப்பர் வளையம், மழைத்தண்ணீர் உள்ளே போகாமலிருக்க. (கண்டிக்கு வேண்டியதுதான்.) எழுபதிலிருந்து இருநூறு மில்லிமீற்றர் வரை திருகலாம், நின்ற இடத்தை விட்டு அசையாமலே தூரத்து ஆளைக் கிட்டக் கொண்டுவரலாம். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை இருக்கிறது. பாரம் அதிகம் என்பதால் முக்காலியில் கமராவைப் பூட்டுவதில்லை, லென்ஸையே பூட்டுகிறார்கள்; கமரா அதன் பின்னால் தொங்கிக்கொண்டு வரும். கை நடுங்கினாலும் படம் நடுங்காதபடி உள்ளே ஒரு கண்ணாடி மிதந்து சரிசெய்யும். காதை வைத்துக் கேட்டேன், தேனீ மாதிரி மெல்லிய சத்தம். (என் பேனாவுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் வாங்குவேன்.) ஒரு சின்ன விசையைத் தட்டினால், கிட்ட இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதை மட்டும் தேடும்.*

எல்லாவற்றிலும் பெரிய குணம், அதன் கண் அகலமாகத் திறக்கும் என்பது. தாளில் இரண்டு தசம் எட்டு என்று போட்டிருந்தது. எவ்வளவு தூரம் திருகினாலும் அந்தத் திறப்பு குறையாது. மங்கலான கோவில் மண்டபத்திலும் படம் வெளிச்சமாக வரும். அப்படித் திறந்து வைத்தால், எதிரில் நிற்கிற ஆள் மட்டும் தெளிவாக நிற்க, பின்னால் இருக்கிறதெல்லாம் நனைந்த சாயம்போலக் கரைந்துவிடும். கல்யாண வீட்டுக்காரர்கள் அந்தக் கரைசலுக்குத்தான் இவரைத் தேடி வருகிறார்கள்.

தாளில் போடாத குணம் ஒன்றும் இருந்தது. தூரத்தில் நின்று எடுத்துக் கிட்டக் கொண்டுவரும்போது, முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவிலுள்ள வெளி காணாமல் போய்விடும். சேலையை மடிக்கும்போது எங்கோ கிடந்த இரண்டு கரைகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காருமே, அந்த மாதிரி.

* கிட்டத்தட்ட நாலடிக்குள் இருப்பவரை இந்த லென்ஸால் எப்படியும் தெளிவாகப் பார்க்க முடியாதாம். "அம்மா, நீங்க இப்ப இருக்கிற இடத்துல உங்கள இதால புடிக்கவே ஏலாது," என்றார் யுகேஷ். நான் கதிரையைப் பின்னால் தள்ளவில்லை.

4

இனி நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. நிஷாந்தி என்ற பெண்ணுக்கும் அவளுடைய மாப்பிள்ளைக்கும் கல்யாணத்துக்கு முந்திய படங்கள் எடுக்க யுகேஷ் வாவிக்கரைக்குப் போனார். நடைபாதையில் அவர்களை நிறுத்தி, தள்ளி நின்று, லென்ஸை இருநூறு வரை திருகினார். முதல் படத்தைக் கமராவின் முதுகில் பார்த்த நிஷாந்தி முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே, பின்னால ஒண்ணுமே தெரியலியே. கரைச்சு விட்டுட்டீங்க. கண்டியில எடுத்தோம்னு சொன்னா யாரு நம்புவா? நுவரெலியா குளமும்பாங்க."

கேட்டவர்கள் கேட்டபடி கொடுப்பது தொழில். யுகேஷ் லென்ஸின் கண்ணைச் சுருக்கினார். இரண்டு தசம் எட்டிலிருந்து பதினொன்றுக்கு. இப்போது மரம், சுவர், தண்ணீர், உட்காரப் போட்டிருந்த வாங்குகள், வாங்குகளில் இருந்தவர்கள் எல்லாம் தெரிந்தார்கள். இந்தக் கதையில் பிழை என்று ஒன்று இருந்தால் அது இந்தத் திருகுதான். அதைப் பிழை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நிஷாந்திக்குப் பின்னால் ஒரு வாங்கு. அதில் மதனி இருந்தாள். கல்வி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவள் பிறப்பதற்கு முன்பே கண்டியில் குடியேறியது. கணினி வகுப்புக்கு நேரமிருந்ததால் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கும் பின்னால், நன்றாகத் தள்ளி, இன்னொரு வாங்கு. அதில் ரஸீன், மடவளையில் கடை வைத்திருப்பவர். மனைவியைக் கண் டொக்டரிடம் விட்டுவிட்டு, ஒரு கையை வாங்கின் முதுகில் நீட்டிப் போட்டபடி, முன்னால் குனிந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

படத்தில் ரஸீனின் கை மதனியின் தோளைச் சுற்றிக் கிடந்தது. அவருடைய வாய் அவளுடைய காதோரம் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

(அவருடைய தலை அவளுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாக விழுந்திருந்தது. தூரத்தில் இருப்பவருக்கு அப்படித்தான் விழும். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.)

நிஷாந்தி படங்களைப் பேஸ்புக்கில் போட்டாள். மதனிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை பிரணவன், வங்கியில் வேலை. அவனுடைய தாய் லீலாதேவி. லீலாதேவியின் தங்கை கனடாவில். அந்தத் தங்கை ஒரு மத்தியானம் சோற்றை ஆறவிட்டுக்கொண்டு, நிஷாந்தியின் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். எதற்கு விரித்தாள் என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் மற்றவர்களுடைய கல்யாணப் படங்களில் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை, பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். சிவப்பு வட்டம் ஒன்று போட்டு அனுப்பினாள். "அக்கா, இது நீ எடுக்கப்போற பிள்ளைதானே?"

இரண்டு கிழமை கழித்து வருகிற வியாழக்கிழமைக்குப் பொன்னுருக்கு** வைத்திருந்தார்கள். லீலாதேவி, மதனியின் தகப்பனுக்குப் போன் எடுத்து, "நாளைக் கொஞ்சம் தள்ளிப் பாப்பம்," என்றார். காரணம் சொல்லவில்லை. அவருக்குப் படம்தான் போனது; பிறகு அது கைக்குக் கை மாறி மடவளை வரைக்கும் போனது.

 ** தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து, சொந்தக்காரர் முன்னிலையில் உருக்குவது. யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது பெரிய காரியம். உருக்கிய பிறகு பேச்சை முறிக்க யாரும் துணியமாட்டார்கள். அதனால்தான் முறிப்பதென்றால் அதற்கு முன்பே முறிப்பார்கள்.

5

ரஸீன் விஷயத்தில் நான் தடுமாறினேன்.

முதல் வரைவில் அவரை முஸ்லிமாக இல்லாமல், வத்தேகமயில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் என்று மாற்றி எழுதினேன். பெயர்களை எல்லாம் மாற்றியதுபோல இதையும் மாற்றிவிட்டால் யாருக்கும் நோகாது என்று நினைத்தேன். வாசித்துப் பார்த்தால் கதை சப்பென்று இருந்தது. சிவப்பு வட்டம் அவ்வளவு தடிப்பாக ஏன் விழுந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாததுபோல எழுதினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். திரும்பவும் மடவளைக்கே அனுப்பினேன்.

படத்தில், வாங்கில் அவர் பக்கத்தில் இருந்த பையில் கடையின் பெயர் தெரிந்தது. மதனி மூலம் விஷயம் தெரிந்ததும் யுகேஷ் பஸ் ஏறிப் போய் ஆளைப் பிடித்தார். வந்து ஒருதடவை அதே வாங்கில் இருந்தால் உண்மையைக் காட்டிவிடலாம் என்று கேட்டார்.

"நல்ல கதை," என்றாராம் ரஸீன். "தம்பி, இப்ப ஒரு படத்துக்கே நான் பதில் சொல்லிக்கிட்டு ஈக்கேன். வீட்டுக்காரி கைரியா ஒரு கெழமையா எனக்கு ப்ளேன்டீக்குச் சீனி போடல்ல. இன்னொரு தடவ அந்தப் புள்ளயோட குளத்தடியில குந்தினா, ரெண்டாவது படத்துக்கு எந்த லென்ஸக் கொண்டு வருவீங்க?"

யுகேஷ் கடையை விட்டு இறங்கினார்.

"அந்தப் புள்ளட வாப்பாட்ட சொல்லுங்க," என்று ரஸீன் பின்னாலேயே வந்து சொன்னாராம், "நான் அதட மொகத்தக்கூட காணல்ல எண்டு. எனக்கும் மூணு பொம்புளப் புள்ள."

6

மதனி அதற்கு முன்பே ஸ்டூடியோவுக்கு வந்திருந்தாள், தனியாகத்தான்.

"அந்த ஆளை நான் இதுவரைக்கும் கண்டதில்லை," என்றாள். "உங்கட கமரா என்னத்துக்கு எங்களைப் பக்கத்தில இருத்தினது?"

யுகேஷ் விளக்கினார். கணினியில் பெரிதாக்கி, தலைகளின் அளவைக் காட்டினார். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. விளங்க வேண்டியவர் லீலாதேவி. லீலாதேவியோ, "உந்தக் கதையெல்லாம் படக்காரர் சொல்லுவினம். கண்ணால காட்டட்டும்," என்று சொல்லிவிட்டார்.

"நீங்க அந்த நேரம் போன்ல எதப் பாத்துச் சிரிச்சீங்கன்னு காட்டினா முடிஞ்சிருமேம்மா," என்று யுகேஷ் கேட்டார்.

"பிரணவன்ர மெசேஜ்தான். பத்து மணி பத்துக்கு வந்தது. அனுப்பினவருக்கு அது தெரியும்."

"அப்ப அவரே சொல்லலாமே."

"ஓம். சொல்லலாம்தான்."

எட்டு மாதமாக மதனியும் பிரணவனும் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டு மாதம் நிற்குமா போகுமா என்பதுதான் இங்கே கேள்வி. அதை ஒரு லென்ஸிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் வாவிக்கரையில் கூடினார்கள். லீலாதேவி, கோவிலுக்குப் போய்விட்டு அதே சேலையோடு. பிரணவன், காற்சட்டைப் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி. மதனி. அவளுடைய தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா, நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; தோலுறை போட்ட அளவுநாடாவைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முக்காலியோடு யுகேஷ்.

மதனி போய் அன்றைக்கு இருந்த வாங்கில் இருந்தாள். தூரத்து வாங்குக்கு ஒரு ஆள் வேண்டும்.

"நீங்க போய் இருங்களேன்," என்று யுகேஷ் பிரணவனைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் ஏன் போய் இருக்கவேணும்?" என்றார் லீலாதேவி. "ஆரும் படம் கிடம் எடுத்துப்போட்டா?"

ஆகவே லென்ஸைத் திருகி, முக்காலியில் இறுக்கிவிட்டு, யுகேஷ் தானே போய் ரஸீனின் இடத்தில் உட்கார்ந்தார். கையை வாங்கின் முதுகில் நீட்டினார். முன்னால் குனிந்தார். லீலாதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். தலையை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தார். திரும்பவும் உள்ளே. நாலு தடவை அப்படிச் செய்தார்.

"தம்பி, இஞ்ச வாரும்," என்று கூப்பிட்டார். "நீர் அங்காலதானே இருந்தனீர்? இதுக்குள்ள பாத்தா பிள்ளையின்ர தோளில சாஞ்செல்லோ இருக்கிறீர்."

"அதுதாம்மா நான் சொன்னது."

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஸ்ரீஸ்கந்தராசா முப்பது வருடம் அளந்த மனிதர். கண் கண்டது அவருக்குப் போதவில்லை, எண் வேண்டும்.

"சம்பந்தி, இந்த நுனியை ஒருக்காப் பிடியுங்கோ."

லீலாதேவி பிடித்தார். மறுக்கத் தோன்றவில்லைபோலும். மதனி இருந்த வாங்கின் காலில் நுனியை வைத்துக்கொண்டு அவர் நிற்க, ஸ்ரீஸ்கந்தராசா நாடாவை இழுத்துக்கொண்டு போய், தூரத்து வாங்கடியில் முழங்காலை ஊன்றி, நாடா முறுக்கியிருந்ததை நேராக்கி, குனிந்து எண்ணைப் பார்த்தார். கடலை விற்பவர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, வாங்குகளைக் கழற்ற நகர சபையிலிருந்து வந்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நடைப் பயிற்சிக்கு வந்தவர்கள் நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

"இருபத்தாறு அடி நாலு அங்குலம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, கடலைக்காரருக்கும் சேர்த்து. சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினார். பழக்கதோஷத்தில் திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அந்தத் தாளைக் கிழித்து லீலாதேவியிடம் நீட்டினார்.

லீலாதேவி கெட்டவர் இல்லை. இதை நான் எங்கேயாவது சொல்லவேண்டும், இங்கே சொல்லிவிடுகிறேன். தாளை வாங்கி மடித்தார். வாங்கிலிருந்து எழுந்து நின்ற மதனியிடம் வந்து, "குறை நினைக்காதையும் பிள்ளை. ஆக்கள் அனுப்பினா மனம் குழம்பும்தானே. வியாழக்கிழமையே பொன்னுருக்குவம்," என்றார்.

அப்போதுதான் பிரணவன் பையிலிருந்து கையை எடுத்தான். முக்காலியிடம் போனான். அவனைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த வெறும் வாங்கு இரண்டையும் நிதானமாகப் பார்த்தான்.

"உண்மைதான்," என்றான்.

"என்ன உண்மை?" மதனி கேட்டாள்.

"தூரத்திலதான் இருந்திருக்கிறீர்."

"அண்டைக்கு நான் ஆரின்ர மெசேஜைப் பாத்துச் சிரிச்சனான் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். நான் சொல்லியிருந்தா, உமக்காகக் கதைக்கிறன் எண்டு அம்மா நினைச்சிருப்பா."

"எனக்காக ஆர் கதைக்கிறது பின்ன?"

அவன் தாயைப் பார்த்தான். ஸ்ரீஸ்கந்தராசா அந்தப் பக்கம் நின்று முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். மதனி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமி," என்றாள், "அளந்தாச்சு. உங்கட யோசினை முடிஞ்சுது. இனி நான் யோசிக்கவேணும். வியாழன்வரைக்கும் நாள் இருக்குத்தானே."

ஸ்ரீஸ்கந்தராசா நாடாவை உறைக்குள் சுற்றினார்.

8

முடிவுகள்.

ஒன்று. வியாழக்கிழமை பொன்னுருக்கினார்கள். மதனி போனாள், நல்ல மருமகளாக இருந்தாள். வருடங்கள் கழித்தும், வீட்டில் போனைப் பார்த்துச் சிரிக்க வேண்டி வந்தால் முதலில் —

(இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. நான் அவளைத் தண்டிக்கிறேன்.)

இரண்டு. புதன்கிழமை அவள் வேண்டாம் என்றாள். வத்தேகமப் பக்கம் இடமாற்றம் கேட்டு எழுதினாள். ஸ்ரீஸ்கந்தராசா அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டார். எல்லோரும் அவளைத் துணிச்சல்காரி என்றார்கள்.

(எல்லோரும் என்றால் யார்? நானும் நீங்களும்தான். கை தட்டுவதற்காக எழுதியிருக்கிறேன்.)

மூன்று. புதன்கிழமை பின்னேரம் பிரணவன் தனியே வாவிக்கரைக்கு வந்தான். அந்தத் தூரத்து வாங்கில், நாலு பேர் பார்க்க, உட்கார்ந்தான். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினான். அதில் —

(என்ன எழுதியிருப்பான் என்று மூன்று நாள் யோசித்தேன். வரவில்லை. அது அவளுக்கு வந்திருக்க வேண்டியது, எனக்கு எப்படி வரும்.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு கிழமை நடந்ததை நான் உங்களுக்கு ஒரு மூச்சில் சொல்லியிருக்கிறேன். ரஸீனை ஒரு பந்தியிலும் மதனியை அடுத்த பந்தியிலும் வைத்தேன். வாசிக்கும்போது நீங்களும் ஒரு கணம், இவர்களுக்குள் ஏதாவது இருக்குமோ என்று நினைத்திருப்பீர்கள். நினைக்கவில்லை என்றால் என்னை மன்னியுங்கள். நான் நினைத்தேன்.

9

யுகேஷ் சொல்லி, மதனி ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். எட்டாம் பகுதி வரை வாசித்தாள். தகப்பன் கையெழுத்து வைத்த இடத்தில் நிறுத்தி, தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் எடுத்தாள்.

"மூண்டு முடிவு எழுதியிருக்கிறியள்," என்றாள். "உண்மையில நடந்ததை யுகேஷ் உங்களுக்குச் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரும்மா. அத எழுதத்தான் ஒங்கள வரச் சொன்னேன். ஒரு வார்த்த கேக்காம எழுதக்கூடாதுல்ல."

"எழுதாதேங்கோ."

"ஏன் பிள்ள?"

"அண்டைக்கு ஒவ்வொரு ஆளா அந்தக் கண்ணாடிக்குள்ளால பாத்தவை, நான் எப்பிடிப்பட்டவள் எண்டு. நீங்கள் முடிவை எழுதினா, வாசிக்கிற ஆக்களும் அதுக்குள்ளாலதான் என்னைப் பாப்பினம். கட்டினன் எண்டா ஒரு மாதிரி. கட்டயில்லை எண்டா ஒரு மாதிரி. என்னை அந்த வாங்கில இன்னொருக்கா இருத்தாதேங்கோ."

நான் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். பிரணவனைப் பற்றியோ, வியாழக்கிழமையைப் பற்றியோ நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ் கட்டணம் ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினோம். அவள் போன பிறகு, அவளைக் கேட்கும் முன்பே எழுதி வைத்திருந்த முடிவை, ஒன்றரைப் பக்கத்தை, கிழித்தேன்.

எனவே இதுவரைதான். கேட்டுக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது அதிகமில்லை.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் பெண் இருந்தால், என்னத்துக்குச் சிரித்தாய் என்று யாரும் கேட்காமல் அவள் சிரிக்கட்டும். ஆண் இருந்தால், வாய் திறக்க வேண்டிய நேரத்தில் அவனுக்கு வாய் திறக்கட்டும். உங்கள் வீட்டுத் தகப்பன்மார் யாரும் பிள்ளைக்காக நடுத்தெருவில் முழங்கால் ஊன்ற வராதிருக்கட்டும். அடுப்பு அணையாமல், ஆட்கள் குறையாமல், எல்லோரும் நல்லாயிருங்கள்.